ஹோய் ஆனிலிருந்து அங்கோருக்கு ஒரே வழி

வியட்நாமையும் கம்போடியாவையும் ஒரே விடுமுறையில் பார்த்துவிட நினைப்பவர்கள் கையில் எடுக்கும் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: ஹனோய், ஹா லாங் விரிகுடா, டா நாங், சைகோன் எனப்படும் ஹோ சி மின் நகரம், புனோம் பென், சியெம் ரீப். பத்து நாள், ஆறு ஊர், இரண்டு நாடு. லீவு கிடைப்பதே அரிது, இவ்வளவு செலவு செய்து போகிறோம், மறுபடி எப்போது வரப்போகிறோம் என்று நினைப்பவருக்கு இந்தப் பட்டியல் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பட்டியலில் ஊர்கள் கூடக் கூட ஒவ்வொரு ஊரும் நமக்குக் கொடுப்பது குறைந்துகொண்டே போகிறது. இரண்டு நாட்டுப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் ஊர்களின் பெயரை எழுதுவதற்கு முன்பு ஒரு வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கே நுழைவது, எங்கே எல்லையைக் கடப்பது, எங்கிருந்து வீடு திரும்புவது என்ற மூன்றையும் முடிவு செய்துவிட்டால், எந்த ஊர் வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்த வழியே சொல்லிவிடும். வியட்நாம், கம்போடியா இரண்டுக்கும் சேர்த்து அப்படி ஒரு நல்ல வழி இருக்கிறது. ஹோய் ஆனில் தொடங்கி, சைகோன், புனோம் பென் வழியாக, சியெம் ரீப்பை ஒட்டிய அங்கோரில் முடிவது அது. அதற்காக ஹனோயையும் ஹா லாங்கையும் விட்டுவிட வேண்டியிருக்கும். விடலாம் என்றே சொல்கிறேன். ஏன் என்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் நாள் கணக்கு. பத்து நாளில் போகிற நாளும் வருகிற நாளும் விமானத்துக்கே சரியாகிவிடும். சென்னையிலிருந்து கிளம்புபவர் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ மாறித்தான் போகிறார். மீதி எட்டு நாள். ஆறு ஊரில் தங்குவதென்றால் ஐந்து முறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, இரண்டு மணி நேரம் முன்னதாக விமான நிலையம் சேர்ந்து, இறங்கிய ஊரில் பெட்டிக்குக் காத்திருந்து, டாக்ஸி பிடித்து ஓட்டலுக்குப் போனால் அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் என்பார்கள். குறைந்தது அரை நாள் போய்விடுகிறது. ஐந்து முறைக்கு இரண்டரை நாள். ஆறு ஊருக்கும் சேர்த்து மிஞ்சுவது ஐந்தரை நாள்தான். விமான நிலையங்கள் ஊரை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தபோது ஊரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. புனோம் பென்னிலும் 2025இல் ஊருக்கு வெளியே, தெற்கே, புதிய நிலையம் வந்தது. நான் சொல்லும் வழியில் இடம் மாறுவது மூன்றே முறை. ஹோய் ஆனில் மூன்று இரவு, சைகோனில் இரண்டு, புனோம் பென்னில் இரண்டு, சியெம் ரீப்பில் நான்கு என்று பதினோரு இரவு வைத்துக்கொண்டால் தாராளம். பத்து நாள்தான் என்றால் புனோம் பென்னிலும் சியெம் ரீப்பிலும் ஒவ்வோர் இரவைக் குறைக்கலாம். அப்போதும் ஊரைக் குறைக்கத் தேவையில்லை.

அடுத்தது நிலப்படம். வியட்நாம் வடக்கு தெற்காக ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர் நீண்டு, நடுவில் ஓரிடத்தில் 50 கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடும் நாடு. ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் ரயில்பாதை 1936இல் முழுமையடைந்தது. அதன் நீளம் 1,726 கிலோமீட்டர். இன்றும் அந்த ரயிலில் முழுத் தொலைவையும் கடக்க முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கம்போடியாவின் எல்லை தொட்டிருப்பது இந்த நீண்ட நாட்டின் தென்பாதியை மட்டும்தான். மேகாங் ஆறு கம்போடியாவைக் கடந்து வந்து கடலில் கலப்பதும் அந்தத் தெற்கில்தான். ஹனோய் இருப்பதோ செந்நதியின் சமவெளியில். அதன் பண்பாட்டுப் பிணைப்பு வடக்கே சீனத்தோடு. 1070இல் கன்பூசியஸுக்காக எழுப்பப்பட்ட இலக்கியக் கோயிலும், அங்கே ஆமைகளின் முதுகில் நிற்கும் 82 பட்டதாரிக் கல்வெட்டுகளும் அந்த உறவின் சாட்சிகள். அவை பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அங்கோரைப் பார்க்கப் போகிறவருக்கு ஹனோய் எதையும் தயார்ப்படுத்தித் தருவதில்லை. அங்கோரும் ஹனோயை விளக்குவதில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் தனித்தனிப் படங்கள் மனத்தில் நிற்கும். அவற்றுக்கிடையே பேச்சு இருக்காது. நடு வியட்நாமில் தொடங்கினால் நிலைமை வேறு.

நடு வியட்நாமின் கடலோரம் ஒரு காலத்தில் சாம்பா அரசுகளின் மண். ஹோய் ஆனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மீ சன் கோயில்கள் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனை இங்கே நிறுவினான். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அரசர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் செங்கல். கிட்டே போய்ச் சுவரைப் பார்த்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இருப்பதே தெரியாது. செங்கல்லை அடுக்கி முடித்த பிறகு சுவரின் மேலேயே உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு தூணின் கொடிவேலை பல செங்கற்களின் மேல் இடைவெளியின்றி ஓடுகிறது. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் இங்கிருந்த மிகச் சிறந்த கோபுரம் சரிந்தது. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்றும் கோயில்களுக்கு நடுவே கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை 2017இல் இங்கே சீரமைப்பைத் தொடங்கியது. 2020இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கம் மண்ணிலிருந்து வெளிவந்தது. மீ சன்னிலிருந்து எடுத்த சிற்பங்களில் பல, ஹோய் ஆனுக்குப் பக்கத்து நகரமான டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1919 முதல் நடந்துவரும் அந்தச் சிறிய கட்டடத்தை முதலில் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வெயில் ஏறும் முன் மீ சன்னுக்குப் போனால், வெறுமையாக நிற்கும் கோபுரங்களுக்குள் எது இருந்தது என்பது மனத்தில் நிறைந்திருக்கும்.

இப்படித் தொடங்குவதன் பலன் பயணத்தின் மறுமுனையில்தான் தெரியும். சாம்பாவும் கெமர் அரசும் நூற்றாண்டுக் கணக்கில் பெண் கொடுத்தும் படையெடுத்தும் வாழ்ந்த அண்டை நாடுகள். 1177இல் சாம் படை கெமர் தலைநகரான அங்கோரைத் தாக்கிச் சூறையாடியதாக வரலாறு சொல்கிறது. அவர்களை விரட்டி ஆட்சிக்கு வந்த ஏழாம் ஜெயவர்மன்தான் அங்கோர் தோம் நகரையும் அதன் நடுவே பாயோன் கோயிலையும் எழுப்பினான். பாயோனின் தெற்குச் சுற்றுச் சுவரில் அந்தக் கடற்போரை, சரியாகச் சொன்னால் ஏரிப்போரை, வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். துடுப்புகள் நீட்டிய நீண்ட படகுகள் மோதுகின்றன. கவிழ்த்த பூவைப் போன்ற தலைக்கவசம் அணிந்தவர்கள் சாம் வீரர்கள். குட்டை முடியோடு வெறுந்தலையாக இருப்பவர்கள் கெமர்கள். தண்ணீரில் விழுந்தவனை முதலை கவ்வுகிறது. அதே சுவரின் கீழ் வரிசையில் போரைப் பற்றிக் கவலையே இல்லாமல் சேவல் சண்டை நடக்கிறது, சந்தையில் பெண்கள் விற்கிறார்கள், அடுப்பில் சோறு வேகிறது. மீ சன்னைப் பார்க்காமல் இந்தச் சுவரின் முன் நிற்பவருக்கு அது யாரோ இரண்டு கூட்டத்தின் சண்டை. பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பூத்தலைக்காரர்கள் தெரிந்தவர்கள். அவர்களுடைய கடவுளையும் கோயிலையும் ஒரு வாரம் முன்புதான் பார்த்திருக்கிறார். ஒரு நாட்டில் பார்த்தது இன்னொரு நாட்டில் பொருள் பெறும் இந்த இடத்துக்காகத்தான் இரண்டு நாடுகளை ஒரே பயணத்தில் சேர்க்கிறோம். அது நடக்காவிட்டால் தனித்தனியாகப் போவதே மேல்.

இந்தத் தொடர்பு பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை புனோம் பென்னுக்குள் நுழைந்தது. பதின்மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 30 அன்று, வட வியட்நாமின் டாங்கி சைகோன் அதிபர் மாளிகையின் வாயிற்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. ஒரே மாதத்தில் விழுந்த இரண்டு தலைநகரங்கள்; ஆனால் பின்னால் நடந்தவை முற்றிலும் வேறு. புனோம் பென் மக்கள் அனைவரும் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள். நான்கு ஆண்டுக்குள் நாடு முழுவதும் 15 முதல் 20 லட்சம் பேர் வரை இறந்தார்கள். 1979 ஜனவரி 7 அன்று அந்த ஆட்சியை வீழ்த்தியது வியட்நாம் படை. அது 1989 வரை அங்கே இருந்தது. இதை விடுதலை என்று நினைக்கிற கம்போடியரும் உண்டு, ஆக்கிரமிப்பு என்று நினைக்கிறவரும் உண்டு. சைகோனின் போர் நினைவு அருங்காட்சியகத்தையும் புனோம் பென்னின் துவோல் ஸ்லெங்கையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் இரு நகரங்களின் கதையிலுள்ள வேறுபாடு உறைக்கிறது. துவோல் ஸ்லெங் முன்பு ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைகளைச் செங்கல் வைத்து ஆள் படுக்கும் அளவுக்குத் தடுத்துச் சிறையாக்கியிருந்தார்கள். கட்டம் போட்ட தரை ஓடுகள் அப்படியே இருக்கின்றன. கைதிகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் சுவர் முழுக்க நம்மைப் பார்க்கின்றன. 2025இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விடுமுறையில் போய் இதையா பார்ப்பது என்று கேட்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. சின்னக் குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம் என்று நானும் சொல்வேன். ஆனால் அங்கோரில் நமக்குக் கதவு திறக்கிறவர், டுக்டுக் ஓட்டுகிறவர், சோறு பரிமாறுகிறவர் எல்லாருடைய வீட்டிலும் அந்த நான்கு ஆண்டுகள் நடந்திருக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளாமல் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வருவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

எல்லையை எப்படிக் கடப்பது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சைகோனிலிருந்து சியெம் ரீப்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தானே, புனோம் பென்னை ஏன் நடுவில் வைக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. நேரம் மட்டுமே முக்கியம் என்றால் விமானமே சரி. ஆனால் சைகோனுக்கும் புனோம் பென்னுக்கும் இடையே 230 கிலோமீட்டர்தான். மோக் பாய், பவெட் சாவடிகள் வழியாகப் பேருந்தில் ஆறேழு மணி நேரம். விமான நிலையத்துக்குப் போய் வரும் நேரத்தைச் சேர்த்தால் மிச்சமாவது அதிகமில்லை. ஒரு நாள் கூடுதலாக இருப்பவர்கள் ஆற்றுவழியை எடுக்கலாம். சைகோனிலிருந்து மேகாங் கழிமுகம் வழியாகச் சாவ் டோக்குக்குப் போய் ஓர் இரவு தங்கி, காலையில் வேகப்படகில் ஏறினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் புனோம் பென் படித்துறையில் இறங்கலாம். சாவ் டோக்கில் இன்றும் சாம் மக்கள் வாழ்கிறார்கள், இஸ்லாமியர்களாக. மீ சன்னைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள். பக்கத்திலேயே கெமர் ஊர்களும் உண்டு. வியட்நாம் படிப்படியாகக் கம்போடியாவாக மாறுவதை இந்த வழியில் கண்ணால் பார்க்க முடிகிறது. படகு புனோம் பென்னை நெருங்கும்போது டோன்லே சாப் ஆறு மேகாங்கோடு சேரும் இடம் வருகிறது. மழைக்காலத்தில் மேகாங் பெருகி இந்த ஆற்றைத் திருப்பி ஓட வைக்கிறது. வடமேற்கே உள்ள ஏரி ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டரிலிருந்து பல மடங்கு விரிந்துவிடுகிறது. அந்த ஏரி தந்த மீனும் வண்டலும் இல்லாமல் அங்கோர் என்ற பெருநகரம் இருந்திருக்க முடியாது. பாயோன் சுவரில் படகுக்கடியில் நீந்தும் மீன்கள் அந்த ஏரியின் மீன்கள்தாம்.

ஒரே திசையில் போகும் வழியின் இன்னொரு நன்மை விசாவில் தெரியும். வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் இ-விசா தருகிறது. 90 நாள் வரை தங்கலாம். ஒருமுறை நுழையும் விசாவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவதற்கு 50 டாலர் என்பது கட்டணம். கம்போடியாவின் சுற்றுலா இ-விசா ஒருமுறை நுழைவதற்கானது. 30 நாள் தங்கலாம். சைகோனில் இறங்கி, கம்போடியாவுக்குப் போய், மறுபடி சைகோனுக்கு வந்து வீடு திரும்புவது என்று டிக்கெட் எடுத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருமுறை விசாவோடு வெளியே போனவரை மறுபடி உள்ளே விடமாட்டார்கள். டா நாங்கில் இறங்கி சியெம் ரீப்பிலிருந்து திரும்பினால் இந்தச் சிக்கலே இல்லை. அப்படி ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட் விலை கூடுமே என்பது அடுத்த கேள்வி. சில சமயம் கூடும்தான். ஆனால் மலிவான டிக்கெட்டோடு சியெம் ரீப்பிலிருந்து சைகோனுக்குத் திரும்பும் விமானக் கட்டணம், கூடுதல் விசாக் கட்டணம், ஓர் இரவு ஓட்டல் வாடகை, வீணாகும் ஒரு நாள் ஆகிய நான்கையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். விமான நிறுவனத் தளங்களில் மல்டி சிட்டி என்ற பிரிவில் தேடினால் இந்த ஒப்பீடு சில நிமிட வேலை. இன்னொன்று: இ-விசா எல்லாச் சாவடிகளிலும் செல்லாது. விண்ணப்பிக்கும்போதே எந்தச் சாவடி வழியாக நுழைகிறோம், எதன் வழியாக வெளியேறுகிறோம் என்பதைத் தீர்மானித்து, இரு நாட்டு அரசுத் தளங்களிலும் அந்தச் சாவடியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆற்றுவழியில் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். வழி முதலில், ஊர் பிறகு என்று சொன்னதற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை.

பருவத்தைக் கவனித்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறோம். டா நாங்குக்கு வடக்கே ஹாய் வான் கணவாய் வானிலையை இரண்டாகப் பிரிக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் ஹனோய் குளிரும் தூறலுமாக இருக்கும். ஹா லாங்கில் பனிமூட்டம். அதே நாட்களில் சைகோனும் அங்கோரும் வெயிலும் தெளிந்த வானமுமாக இருக்கும். ஹோய் ஆனில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை. அக்டோபர், நவம்பரில் ஆற்றுநீர் பழைய ஊருக்குள் புகுவது அடிக்கடி நடப்பது. கம்போடியாவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மூன்று வானிலைக்கும் பொதுவான ஒரு மாதத்தைத் தேடினால் கிடைப்பது கடினம். வடக்கை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் பொதுவாகத் தேடினால் பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் தெளிவாகக் கிடைக்கின்றன. அதற்குமுன் வரும் வியட்நாமியப் புத்தாண்டான தேட் நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கடைகள் மூடியிருக்கும், ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைக்காது. நம்மூரில் பள்ளித் தேர்வுக் காலம் இது என்பதை மறக்கவில்லை. குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்குக் கோடை விடுமுறைதான் வழி. ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, கெமர் புத்தாண்டும் வருகிறது. அப்போது கம்போடியாவின் வெயில் உச்சத்தில் இருக்கும். மே மாதம் போகிறவர்கள் ஹோய் ஆனில் மழையின்றிக் கடற்கரையை அனுபவிக்கலாம். அங்கோரில் மட்டும் விடியற்காலையில் கிளம்பி, பத்து பத்தரைக்கு அறைக்குத் திரும்பி, மாலையில் மறுபடி போக வேண்டும். பிற்பகல் மழை வந்தாலும் அரை மணி ஒரு மணியில் விட்டுவிடும். அதற்கு ஒரே ஊரில் பல இரவுகள் தங்கியிருக்க வேண்டும். அவசரப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

அங்கோருக்கு ஏன் நான்கு இரவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கோர் தொல்லியல் பூங்கா ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அனுமதிச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 என்று 2017 முதல் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் நட்டமில்லை. விலையே சொல்கிறது, இது ஒரு நாளில் பார்க்கிற இடமில்லை என்று. இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருமாலுக்கு எழுப்பிய அங்கோர் வாட் மேற்குப் பார்த்தது. அதனால் முகப்பின் மேல் வெயில் விழுவது பிற்பகலில். கிழக்குச் சுற்றில் உள்ள பாற்கடல் கடையும் காட்சிக்கு நல்ல வெளிச்சம் காலையில். ஏறக்குறைய 49 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுவரில் ஒருபுறம் அசுரர், மறுபுறம் தேவர், நடுவில் ஆமையின் மேல் மத்து, அதையொட்டித் திருமால். எல்லாரும் பார்ப்பது இவ்வளவுதான். குனிந்து அடிவரிசையைப் பார்க்க வேண்டும். ஓரங்களில் முழு உடலோடு நீந்தும் மீன்களும் முதலைகளும் மத்தை நெருங்க நெருங்கத் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கடைகிற வேகம் எவ்வளவு என்பதைச் சிற்பி அறுபட்ட மீன்களைக் கொண்டு சொல்லியிருக்கிறான். விடியலில் கூட்டத்தோடு கூட்டமாகக் குளக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு அடுத்த கோயிலுக்கு ஓடுகிறவர் இந்த மீன்களைப் பார்க்கப் போவதில்லை.

இனி மிகப் பெரிய ஆட்சேபணைக்கு வரலாம். இவ்வளவு தூரம் போய்விட்டு ஹா லாங்கைப் பார்க்காமல் திரும்புவதா? 1994இல் உலகப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்ட இடம், கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் ஆயிரத்துக்கும் மேல்; அதைத் தள்ளுபடி செய்வது யாருக்கும் மனம் ஒப்பாது. நான் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை, தள்ளிவைக்கச் சொல்கிறேன். ஹனோய், நின் பின், ஹா லாங், தெற்கே ஹுவே வரை இணைத்தால் அது தனியாக ஒரு நாட்டுப் பயணம். அக்டோபர், நவம்பரில் வடக்கு மிக அழகாக இருக்கும். பத்து நாளுக்குள் அதை அங்கோரோடு சேர்த்தால் ஹா லாங்குக்கு ஒரு பகல், அங்கோருக்கு ஒரு பகல் என்று ஆகி இரண்டுமே நசுங்கும். மறுபடி வருவோமோ என்ற அச்சம் இயல்பானதுதான். ஆனால் அந்த அச்சத்தில் செய்யும் பயணம் மறுபடி வரத் தூண்டும் பயணமாக அமைவதில்லை. நன்றாகப் பார்த்த ஒரு பாதிதான் மறுபாதியை நோக்கி நம்மை இழுக்கும். அப்படியானால் ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்ளலாமே, எதற்கு இரண்டு என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பவரும் உண்டு. அங்கோருக்கு மட்டும் போய் ஒரு வாரம் தங்குவது மிக நல்ல பயணம்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாம்பா இல்லாமல் அங்கோரின் எதிரி இல்லை, சைகோன் இல்லாமல் புனோம் பென்னின் இருபதாம் நூற்றாண்டு இல்லை. எல்லையைத் தாண்டுவதற்கு இந்த இரண்டு காரணங்களும் எனக்குப் போதும்.

பெரியவர்களோடு போகிறவர்கள் கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. அங்கோர் வாட்டின் மேல்தளப் படிகள் செங்குத்தானவை; 12 வயதுக்குட்பட்டவர்களை மேலே விடமாட்டார்கள்; தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும்; மாதத்தில் பௌத்த நோன்பு நாட்களில் அந்தத் தளத்தை மூடிவிடுவார்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அது வேண்டாம். சுற்றுச் சுவர்ச் சிற்பங்கள் எல்லாம் கீழ்த்தளத்திலேயே, நிழலில் இருக்கின்றன. ஒரே ஊரில் பல இரவு தங்கும் திட்டம் வயதானவர்களுக்குத்தான் மிகவும் உதவும், ஏனென்றால் களைத்த அன்று அவர்கள் அறையில் இருந்துவிடலாம். சாப்பாட்டில், வியட்நாமில் சாய் என்று பலகை வைத்த கடைகள் முழுச் சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் சாப்பிடுவதால் ஊருக்கு ஊர் இந்தக் கடைகள் உண்டு. மற்ற இடங்களில் காய்கறிக் குழம்பிலும் மீன்சாறு சேர்த்திருப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பணத்தில், வியட்நாமில் டாங் மட்டும் வைத்திருந்தால் போதும். கம்போடியாவில் டாலர் தாராளமாக ஓடும், ஆனால் கிழிந்த, கறைபட்ட நோட்டை வாங்க மாட்டார்கள். ஒரு டாலருக்குக் குறைவான சில்லறையை, டாலருக்கு ஏறக்குறைய 4,000 என்ற கணக்கில், ரியேலில் தருவார்கள்.

தமிழர்களுக்கு இந்த வழியில் தனி ஈர்ப்பு ஒன்றும் உண்டு. கெமர் எழுத்தும் சாம் எழுத்தும் பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தவை. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு ஒன்று காம்போஜ அரசன் அனுப்பிய கல்லைப் பற்றிப் பேசுகிறது. சியெம் ரீப்புக்கு வடக்கே, 967இல் எழுந்த பந்தேய் ஸ்ரேயின் இளஞ்சிவப்புக் கல் முகப்பில், ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காணும் உருவம் அது. சைகோனில் பெந் தான் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள மாரியம்மன் கோயில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் போன தமிழர்களின் நினைவு. இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். இவையெல்லாம் பெருமைப்படத்தக்கவை. ஆனால் அங்கோர் நம் முன்னோர் கட்டியது என்று சொல்லிக்கொண்டு சுற்றுவது சரியில்லை. கெமர்களும் சாம்களும் வெளியிலிருந்து வந்ததை எடுத்துத் தங்கள் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப வேறொன்றாக ஆக்கியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயிலில் இல்லாத அறுபட்ட மீனும் ஏரிப்போரும் அவர்களுடையவை. தெரிந்த கதை தெரியாத கையில் என்ன ஆனது என்று பார்ப்பதே தமிழ் வாசகருக்கு இந்தப் பயணம் தரக்கூடிய பெரிய பேறு.

எந்த வழியும் உடையக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. 2025இல் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் மோதல் மூண்டு தரைவழி மூடப்பட்டபோது, பாங்காக்கிலிருந்து பேருந்தில் சியெம் ரீப் போகத் திட்டமிட்டவர்களின் ஏற்பாடெல்லாம் குலைந்தது. ஆகவே எல்லை கடக்கும் நாளுக்கு மறுநாள் முக்கியமான எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது, கடைசி விமானத்துக்கு முன் ஓர் இரவை வெறுமையாக விடுவது, கிளம்பும் வாரத்தில் சாவடிகளின் நிலையை ஒருமுறை பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். ஆறு ஊர்ப் பட்டியலில் ஒரு நாள் தவறினால் எல்லாம் தவறும். நான்கு ஊர் வழியில் ஒரு நாளை இழந்தாலும் பயணம் குலையாது. திட்டமிடுகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த ஊர் அடுத்த ஊரைப் புரியவைக்கிறதா? ஆம் என்றால் அதற்கு ஓர் இரவு கூட்டிக் கொடுக்கலாம். இல்லை என்றால், அது எவ்வளவு புகழ்பெற்ற ஊராக இருந்தாலும், அடுத்த பயணத்துக்கு எழுதி வைக்கலாம்.